நாற்பத்தொன்றாம் செல்

மாசிலாமணிக்கு ஒரு குரு இருந்தார். குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

குருவின் பெயர் மெஹருன்னிசா. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, மேட்டுப்பாளையத்தில் பழைய உருளைக்கிழங்கு மண்டி ஒன்றில் மின்சார வண்டிகளின் பேட்டரி பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். மழை பெய்தால் அந்தச் சுவர்களிலிருந்து இன்னும் கிழங்கு வாசனை வரும். ஊரில் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

மாசிலாமணி கோத்தகிரி மலைப்பாதையில் டீசல் வண்டி ஓட்டியே தலை நரைத்தவர். இன்ஜின் இருமினால் எங்கே சளி பிடித்திருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார். வயதாகிவிட்டது, புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று வாடகைக்கு ஓட்ட ஒரு மின்சாரக் கார் வாங்கினார். வாங்கிய வாரமே பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"இந்த வண்டி ஒரு சத்தமும் போட மாட்டேங்குதுங்க டீச்சர். இதுக்கு என்ன நோவுன்னு நான் எப்படிக் கேக்கறது?"

மெஹருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்து ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினார். மாசிலாமணியின் போனை வாங்கி ஏதோ தட்டினார். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு எண்.

"பேட்டரின்னா ஒண்ணு இல்லீங்கண்ணா. உள்ளே தொண்ணூத்தாறு செல்லு வரிசையா நிக்குது. இது ஒவ்வொண்ணோட வோல்டேஜ். இருக்கறதுலயே பெருசுக்கும் சிறுசுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு கீழே மில்லிவோல்ட்டுல காட்டும், பாருங்க. இதுதான் உங்க வண்டி போடற சத்தம்."

"எவ்வளவு வித்தியாசம் இருக்கலாமுங்க?"

"முதல்ல பார்த்துப் பழகுங்க. அப்புறம் சொல்றேன்."

அன்றிலிருந்து அவர் சீடர். ஓட்டம் இல்லாத நேரமெல்லாம் பட்டறையில் உட்கார்ந்திருப்பார். கேள்வி கேட்பார். டீச்சர் வாயால் பதில் சொல்வது குறைவு. கையில் எதையாவது எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். மாசிலாமணி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மலையில் ஒரு தேயிலைக் கிராமத்தில் ஜோகி கவுடர் என்று ஒரு பெரியவர் இருந்தார். டீ ஃபாக்டரியில் மேஸ்திரியாக இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. டயாலிசிஸுக்காக மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரிக்கு இறங்கி வர வேண்டும், முடிந்ததும் ஏறிப்போக வேண்டும். கூட வர ஆள் இல்லை. மனைவி மாதிக்கு முட்டி வலி, வாசலைத் தாண்ட முடியாது. மாசிலாமணிதான் கூட்டிக்கொண்டு வருவார், கொண்டுபோய் விடுவார்.

இறங்கும்போது இருவரும் பேசிக்கொண்டே வருவார்கள். ஏறும்போது கவுடருக்குப் பேசத் தெம்பு இருக்காது.

ஒரு நாள் அப்படி ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் அது நடந்தது.

பாதி மலை தாண்டியிருந்தது. மீட்டரில் இன்னும் கால்வாசிக்குக் கிட்டத்தட்ட சார்ஜ் காட்டியது. திடீரென்று திரையில் மஞ்சளாக ஒரு ஆமைப் படம் வந்தது. வண்டியின் பலம் குறைந்தது. மாசிலாமணி மிதித்தார். வண்டி நடந்தது, பிறகு ஊர்ந்தது, பிறகு நின்றுவிட்டது.

மூடுபனி இறங்கி, எதிரே இருந்த சில்வர் ஓக் மரங்கள் மறைந்தன. கவுடருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவருக்கு அப்படி வரும். மாசிலாமணி தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவர் மேல் போர்த்தினார். கீழே குத்தவைத்து உட்கார்ந்து காலை நீவிவிட்டார். கவுடரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டிலிருந்து மாதி.

"என்னன்னு சொல்லட்டுமுங்கய்யா?"

"வந்துக்கிட்டு இருக்கோம்னு சொல்லு."

கேரட்டை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய லாரி ஒன்று கடைசியில் நின்றது. அதன் படி உயரம். டிரைவரும் மாசிலாமணியும் சேர்ந்து கவுடரைத் தூக்கி உள்ளே ஏற்றினார்கள். மேஸ்திரியாக இருந்த காலத்தில் ஃபாக்டரியே பயந்த மனிதர். இப்போது மூட்டையைவிட லேசாக இருந்தார்.

"மன்னிச்சுக்குங்கய்யா" என்றார் மாசிலாமணி.

"வண்டிதானே மணி" என்றார் கவுடர்.

திட்டியிருந்தால் பரவாயில்லை என்று மாசிலாமணிக்குத் தோன்றியது.

மறுநாள் காலை வேறொரு வண்டியில் காரை ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்து சேர்ந்தார். மெஹருன்னிசா அவருடைய முகத்தைப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மாசிலாமணி உட்காரவில்லை.

"மீட்டர்ல சார்ஜ் இருந்துச்சுங்க டீச்சர். இருந்தும் நின்னுபோச்சு. மீட்டர் பொய் சொல்லுச்சுங்களா?"

"இல்லீங்கண்ணா. மீட்டர் எல்லாத்தையும் கூட்டிச் சொல்லும். வண்டி அப்படி ஓடாது. ஒரே ஒரு செல்லு தரையைத் தொட்டாலும் நிறுத்திடும். மத்ததுல எவ்வளவு இருந்தாலும் சரி."

"எந்தச் செல்லுன்னு எனக்குத் தெரியுமுங்க."

"எந்தச் செல்லு?"

"நாப்பத்தொண்ணு. முதல் நாள்லேர்ந்து பார்க்கறேன், அதுதான் கடைசி. ஏதோ இருந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன். கழட்டி எறிஞ்சுடுங்க டீச்சர். அந்தச் சவலையால ஒரு மனுஷன் நடு மலையில நடுங்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு."

மெஹருன்னிசா திரையைப் பார்த்தார். நாற்பத்தொன்றாவது கட்டம் மட்டும் சிவப்பாக இருந்தது.

"முழுசா சார்ஜ் ஏறி நிக்கறப்ப இது எப்படி இருக்கும்?"

"முழுசா நான் ஏத்தறதே இல்லைங்க. ஓட்டம் இருக்குமில்ல? வேகமா ஏத்தற இடத்துல போட்டு, எண்பது வந்ததும் புடுங்கிடுவேன். முழுசா ஏத்தினா பேட்டரிக்கு ஆகாதுன்னு டிரைவருங்க வாட்ஸ்அப் குரூப்புலயும் போட்டாங்க."

மெஹருன்னிசா சுவரில் இருந்த சின்ன சார்ஜரை எடுத்து வண்டியில் மாட்டினார். மெதுவாக ஏற்றும் சார்ஜர் அது.

"கெட்டுப்போன செல்லு சின்ன டம்ளர் மாதிரிங்கண்ணா. ஊத்தினா முதல்ல அதுதான் நிறையும். குடிச்சா முதல்ல அதுதான் காலியாகும். நாப்பத்தொண்ணு முதல்ல நிறையுதா, கடைசியா நிறையுதான்னு பார்த்துச் சொல்லுங்க."

"அதுக்கு ரொம்ப நேரம் ஆகுமே டீச்சர்."

"ஆகும்."

மாசிலாமணி போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டீ வந்தது, ஆறியது. எண்கள் ஊர்ந்து ஏறின. சாயங்காலம் பட்டறையின் தகரக் கூரை வெயில் இறங்கி டிக் டிக் என்று சுருங்கும் நேரத்தில் அவர் கூப்பிட்டார்.

"டீச்சர். மத்ததெல்லாம் நிறைஞ்சிருச்சுங்க. இது இன்னும் கீழதான் நிக்குது. இங்கேயும் கடைசிதான்."

அவர் குற்றம் சாட்டுகிற குரலில் சொன்னார். மெஹருன்னிசாவின் முகம் மலர்ந்தது.

"நல்லாப் பார்த்தீங்களா? முதல்ல இல்லையே?"

"கடைசிங்க."

"அப்ப இது கெட்டுப்போகலைங்கண்ணா."

"பின்னே?"

"பசியா இருக்குது."

மாசிலாமணி காரைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார்.

"யாருங்க டீச்சர் இதைப் பட்டினி போட்டது?"

மெஹருன்னிசா ஆறிப்போன டீ டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.

அவர் திரும்பி வந்தபோது மாசிலாமணி சார்ஜர் வயரை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார்.

"எண்பதுல புடுங்கினேன். தினமும் எண்பதுல புடுங்கினேன்."

"மத்ததுங்களுக்கு அது போதுமுங்க. இது ஒண்ணு கொஞ்சம் பின்னால நின்னுச்சு. ஒவ்வொரு தடவையும் இது வர்றதுக்குள்ள நீங்க கிளம்பிட்டீங்க."

"இப்ப மத்ததெல்லாம் நிறைஞ்சுபோச்சே. இனி எப்படி ஏறும்?"

"நிறைஞ்சதெல்லாம் தன்கிட்ட இருக்கறதைக் கொஞ்சம் கொஞ்சமா சூடா வெளிய விடும். அந்த இடைவெளியில இது ஒரு சொட்டு ஏறும். மறுபடியும் அதுங்க விடும், இது ஏறும். நாம ஒண்ணும் பண்ண வேண்டியதில்லை. பிளக்கை மட்டும் புடுங்காம இருக்கணும்."

"எத்தனை நாளுங்க?"

"ஓட்டத்தை நிறுத்துங்க. சாவியைக் கொடுத்துட்டுப் போங்க."

சாவியைக் கொடுத்தார். ஆனால் போகவில்லை.

தினமும் காலையில் பட்டறை திறப்பதற்கு முன்னால் வந்து நிற்பார். காருக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு போனைப் பார்ப்பார். வித்தியாசம் இரண்டு எண் குறைந்தால் முகம் தெளியும். ஒன்று கூடினால் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்க மாட்டார். நூற்று எண்பதில் ஆரம்பித்தது மெதுவாக நூறுக்குக் கீழே வந்த அன்று, பட்டறையில் இருந்த எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிவந்தார்.

"காய்ச்சல்காரப் பிள்ளை பக்கத்துல உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கீங்களே அண்ணா" என்றார் மெஹருன்னிசா.

"சவலைன்னு திட்டிட்டேனுங்க. மனசு கேக்கலை."

சும்மா இருக்க வேண்டாம் என்று டீச்சர் ஒரு கூடை நட்டுகளைக் கொடுத்து அளவுவாரியாகப் பிரிக்கச் சொன்னார். ஒரு கண் போனில் இருந்ததால் மாசிலாமணி எல்லா நட்டையும் தப்பாகப் பிரித்தார். டீச்சர் எல்லாவற்றையும் ஒரே கூடையில் திரும்பக் கொட்டி, மறுபடியும் அவர் முன்னால் வைத்தார்.

வித்தியாசம் குறைந்துகொண்டே வந்து பன்னிரண்டில் நின்றது. அதற்குக் கீழே போகவில்லை. நாற்பத்தொன்றாவது கட்டத்தில் சிவப்பும் போய்விட்டது. எது கடைசி என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் போலிருந்தது.

மெஹருன்னிசா பிளக்கைக் கழற்றி சாவியை நீட்டினார்.

"எடுத்துட்டுப் போங்கண்ணா. ஓடும். தினமும் முழுசா ஏத்த வேண்டாம். அப்பப்ப ஒரு தடவை மெதுவா முழுசா ஏத்தி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டுடுங்க."

"பன்னிரண்டு இருக்குதேங்க."

"இருக்கட்டும்."

மாசிலாமணி வண்டியை எடுத்தார். ஊருக்குள் ஓட்டினார். ரயில் நிலையம், மார்க்கெட், கல்யாண மண்டபம் என்று சமவெளியிலேயே ஓட்டினார். மலைப் பக்கம் திரும்பவில்லை. சிக்னலில் நின்றால் போனைப் பார்ப்பார். ஆளை இறக்கிவிட்டால் பார்ப்பார். ஜோகி கவுடர் போன் பண்ணினால், "இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்குதுங்கய்யா" என்பார். "சரி மணி, முடியட்டும்" என்று அவர் வைத்துவிடுவார்.

ஒரு நாள் மெஹருன்னிசா கேட்டார். "கவுடரய்யாவைக் கூட்டிக்கிட்டு வர்றீங்களா?"

"இல்லீங்க டீச்சர். பூஜ்யம் ஆகட்டுமுன்னு இருக்கேன்."

"வண்டி ஏறும்னு நான் சொல்றேனுங்க."

மாசிலாமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. டீச்சரிடம் அவர் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"நீங்க இங்க பட்டறையில இருந்துக்கிட்டுச் சொல்றீங்க. அன்னைக்கு அவரு கால் என் கையிலதான் இழுத்துச்சு. உங்க கையில இல்லை."

சொன்ன பிறகு அவருக்கே கஷ்டமாகிவிட்டது. மெஹருன்னிசா தலையை ஆட்டினார்.

"ஆமாங்கண்ணா. நான் அங்க இல்லை" என்றார்.

மறுநாள் சாமான் வாங்கப் போன டீச்சர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நடந்துவந்தார். கோத்தகிரி பஸ் நிற்கும் இடத்தில் ஒரு தூணில் சாய்ந்தபடி ஒரு பெரியவர் நின்றிருந்தார். தலையில் கம்பளிக் குல்லா. இடது முழங்கையில் ஆஸ்பத்திரியில் போட்ட பஞ்சும் பிளாஸ்திரியும். மாசிலாமணி சொல்லிச் சொல்லி அந்தக் குல்லாகூட டீச்சருக்குத் தெரிந்திருந்தது.

"ஜோகி கவுடரய்யாங்களா?"

"ஆமா. நீ யாரும்மா?"

"மணி அண்ணனோட வண்டியைப் பார்க்கறவ."

"ஓ, டீச்சரா!" பெரியவர் நிமிர்ந்து நின்று கும்பிட்டார். "அவன் வாயைத் திறந்தா டீச்சர்தான். வயசானவர்னு நினைச்சிருந்தேன்."

பஸ் வரவில்லை. மெஹருன்னிசா டீ வாங்கிக் கொடுத்தார். கவுடர் பாதி டம்ளரை மட்டும் குடித்துவிட்டு, மீதியைக் கீழே வைத்தார்.

"தண்ணி அளவுதாம்மா எனக்கு. ருசி தெரிஞ்சா போதும்."

"பஸ்ஸுல கஷ்டமா இல்லைங்களா?"

"ஒவ்வொரு வளைவுக்கும் கம்பியைப் பிடிக்கணும். இந்தக் கையால பிடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஒத்தைக் கையால தொங்கிக்கிட்டுப் போறேன். பரவால்ல. மணி வண்டி சரியாகற வரைக்கும்தானே?"

"இன்னும் சரியாகலைன்னு சொன்னாருங்களா?"

"வேலை பாக்கி இருக்குதாம்." கவுடர் அவரை உற்றுப் பார்த்தார். "சரியாயிடுச்சா?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. மெஹருன்னிசாதான் பெரியவரின் நல்ல கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டார். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் சொல்லி இடம் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த நாள் மாசிலாமணி பட்டறைக்கு வந்தார். கோபப்பட்டதற்கு ஈடாக ஒரு சீப்பு நேந்திரம் பழம் கொண்டுவந்திருந்தார். அதை மேஜையில் வைத்துவிட்டு, பேச்சை நேராக அங்கேயே கொண்டுபோனார்.

"பன்னிரண்டுலயே நிக்குதுங்க டீச்சர். எவ்வளவு விட்டுப் பார்த்தாலும் அதே பன்னிரண்டு. பூஜ்யம் எப்பத்தான் வரும்?"

"பூஜ்யம் பார்க்கணுமுங்களா?"

"ஒரு தடவை பார்த்துட்டாப் போதுமுங்க. அப்புறம் சந்தேகமே இல்லாம அவரை ஏத்திடுவேன்."

"வாங்க."

மெஹருன்னிசா மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தார். பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. மாசிலாமணி இதுவரை அதற்குள் போனதில்லை. உள்ளே பிளாஸ்டிக் டிரேக்களில் செல்கள் வரிசை வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தூசி இல்லாமல் சுத்தமாக இருந்தன. மீட்டரை அவர் கையில் கொடுத்தார்.

மாசிலாமணி முதல் செல்லின் இரண்டு முனையிலும் கம்பிகளை வைத்தார். பூஜ்யம்.

அடுத்ததில் வைத்தார். பூஜ்யம்.

அதற்கடுத்தது. பிறகு அடுத்த டிரே. பிறகு மூலையில் இருந்த டிரே. எங்கே வைத்தாலும் மீட்டர் அசையவில்லை.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குதுங்களே டீச்சர்."

"ம்."

"துளி வித்தியாசம் இல்லைங்க."

"இல்லைங்கண்ணா."

"எந்த வண்டிதுங்க இது?"

"எந்த வண்டிக்கும் இல்லீங்க. முழுசா வடிச்சு வெச்சிருக்கோம். உடைக்கறதுக்கு லாரி வருது."

மாசிலாமணி கம்பிகளை எடுக்கவில்லை. மீட்டரைப் பார்த்தபடியே நின்றார். கொட்டகையின் ஓட்டை வழியாக விழுந்த வெளிச்சம் அந்தச் செல்களின் மேல் ஒரே சீராகப் படிந்திருந்தது.

மெஹருன்னிசா சொன்னார்.

"கவுடரய்யாவை நேத்து பஸ் ஸ்டாண்டுல பார்த்தேனுங்க."

மாசிலாமணி திரும்பினார்.

"நின்னுக்கிட்டா இருந்தாரு?"

"தூண்ல சாய்ஞ்சுக்கிட்டு. அரை டம்ளர் டீ குடிச்சாரு."

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"உங்க வண்டி சரியாகற வரைக்கும்தானேன்னாரு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லைங்க. பஸ் வந்துடுச்சு."

மாசிலாமணி ஒரு காலி டிரேயைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். கையில் மீட்டர் இருந்தது. டீச்சர் போய் இரண்டு பழத்தை உரித்துக்கொண்டு வந்து ஒன்றை அவர் கையில் கொடுத்தார். அவர் சின்னப் பிள்ளை மாதிரி அதை வாங்கித் தின்றார்.

"நடுவுல ஆமை வந்துச்சுன்னா என்னங்க டீச்சர் பண்றது?"

"போன் பண்ணுங்க. வர்றேன்."

"மலைக்கா?"

"மலைக்குத்தான்."

"நீங்க எதுக்குங்க அவ்வளவு தூரம்?"

"அப்புறம் எதுக்குங்கண்ணா டீச்சர்னு ஒருத்தி?"

அடுத்த டயாலிசிஸ் அன்று விடிந்ததும் மாசிலாமணியின் கார் ஜோகி கவுடரின் வீட்டு வாசலில் நின்றது. கவுடர் குல்லாவை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

மாசிலாமணி இறங்கி அவர் முன்னால் போய் நின்றார். ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்செல்லாம் மறந்துபோனது.

"வண்டி ஓடுதுங்கய்யா. போன வாரமே ஓடுச்சு. நான்தான் பயந்துக்கிட்டு வரலை. இப்பவும் உள்ளே பன்னிரண்டு வித்தியாசம் இருக்குது. பூஜ்யம் இல்லைங்க. சொல்லிட்டேன்."

கவுடர் உள்ளே திரும்பிப் பார்த்தார். அடுப்படியில் மாதி யாரையோ சத்தமாகத் திட்டிக்கொண்டிருந்தார். ஒருவேளை பூனையை.

"எனக்கும் மாதிக்கும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வித்தியாசம் இருக்குது" என்றார் கவுடர். "கதவைத் திற."

இறங்கும்போது அவர் வழி நெடுகப் பேசினார். பஸ்ஸில் தனக்கு இடம் கொடுத்த பெண்ணைப் பற்றி, வளைவில் நின்ற காட்டெருமையைப் பற்றி, டீச்சர் இவ்வளவு சின்னப் பெண் என்று ஏன் சொல்லவில்லை என்று. மாசிலாமணி "ஆமாங்க", "இல்லீங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.

கவுடர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நேரம் முழுக்க மாசிலாமணி வேறு ஓட்டம் எதுவும் எடுக்கவில்லை. வண்டியைப் பட்டறையில் மெதுவான சார்ஜரில் மாட்டிவிட்டு, நட்டுக் கூடையை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் சரியாகப் பிரித்தார். டீச்சர் பார்த்தார். இந்தத் தடவை திரும்பக் கொட்டவில்லை.

ஏற்றம் தொடங்கியது. கவுடர் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார். மாசிலாமணி போனைக் கவிழ்த்து வைத்தார். முதல் வளைவில் அவருடைய முதுகு வியர்த்தது. வண்டி ஏறியது. சில்வர் ஓக் மரங்கள் வந்தன. மூடுபனியும் வந்தது. அன்றைக்கு நின்ற இடம் வந்தபோது ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை நிறுத்தி ஓட்டினார். தேயிலைச் சரிவு ஒன்று விலகி அடுத்தது வந்தபோதுதான் அந்த இடத்தைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்தது. சொல்லலாம் என்று பக்கத்தில் பார்த்தார்.

கவுடர் தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஊசி குத்திய கை மடியில் மல்லாந்து கிடந்தது.

அதன்பிறகு மாசிலாமணி ஒரு பள்ளத்தில்கூட சக்கரத்தை இறக்கவில்லை.

கவுடரின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். மாதி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மாசிலாமணி உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். மாதி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். மாசிலாமணி வண்டியை விட்டு இறங்காமல், போனை எடுத்து பட்டறைக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர். வந்து சேர்ந்துட்டோமுங்க."

"ஏனுங்கண்ணா ரகசியமாப் பேசறீங்க?"

"கவுடரய்யா தூங்கறாருங்க. பாதி மலையிலயே தூங்கிட்டாரு. எழுப்ப மனசு வரலைங்க."

"ஆமை?"

"வரலைங்க."

"வித்தியாசம் எவ்வளவு காட்டுது?"

"நான் பார்க்கவே இல்லைங்க டீச்சர்." அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"ஏன் பார்க்கலை?"

மாசிலாமணி திகைத்தார்.

"இல்லைங்க... பார்க்காம ஓட்டணுமுன்னுதானே அன்னைக்கு நீங்க..."

"பார்க்க வேண்டாம்னு நான் எப்பவாச்சும் சொன்னேனுங்களா? பாருங்க."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தார். கட்டங்கள் வந்தன. ஒரு கட்டம் மறுபடியும் சிவந்திருந்தது. போன் அவசரமாகக் காதுக்குத் திரும்பியது.

"டீச்சர், ஐம்பத்து மூணுங்க! அதே நாப்பத்தொண்ணுதான். காலையில பன்னிரண்டு இருந்துச்சு. மறுபடியும் ஆரம்பிச்சுடுச்சுங்களா? பட்டறைக்குக் கொண்டுவந்துடட்டுங்களா?"

"மெதுவாப் பேசுங்கண்ணா."

அவர் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் பார்த்தார். கவுடர் அசைந்து, தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு தூக்கத்தைத் தொடர்ந்தார்.

"அது அடிவாரத்துலேர்ந்து ஏறி வந்திருக்குதில்லைங்களா?" என்றார் மெஹருன்னிசா.

"ஆமாங்க."

"அவரும் அப்படித்தானே களைச்சுத் தூங்கறாரு?"

"ஆமாங்க டீச்சர். இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"கொஞ்ச நேரம் அப்படியே இருங்க. ரெண்டு பேரையும் எழுப்பிடாதீங்க."